ஐப்பசியில் பழவேற்காடு: பயணத் திட்டங்கள் மீது ஒரு விமர்சனம்

போன வருஷம் ஆபீஸ் நண்பர் ஒருவர் எனக்கு ஒரு எக்செல் ஷீட் அனுப்பினார். அக்டோபர் கடைசியில் அவரும் மனைவியும் ஸ்பெயினில் இருக்கும் வலென்சியா நகரத்துக்குப் போகிறார்கள். ஐந்து நாள். எத்தனை மணிக்கு எந்த இடம், எங்கே சாப்பாடு, எவ்வளவு செலவு எல்லாம் கட்டம் கட்டமாக இருந்தது. "நீங்க ஆராய்ச்சி அது இதுன்னு எழுதுறவராச்சே, ஏதாவது விட்டுப்போச்சான்னு ஒரு பார்வை பாருங்க" என்றார்.

நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் மனைவி பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். "ஸ்பெயின் எல்லாம் வேணாங்க. பழவேற்காடு பழவேற்காடுன்னு நீங்க மட்டும் தனியா ஓடுறீங்களே, அங்க என்னையும் ஒரு நாள் கூட்டிட்டுப் போங்க. தீபாவளி கழிச்சு லீவு இருக்கு. நமக்கும் இதே மாதிரி ஒரு ஷீட் போடுங்க" என்றாள்.

நியாயமான கேள்வி. ஷீட் போட உட்கார்ந்தேன். நான் குறிப்பெடுக்கப் போகிறவன், ஊர் சுற்றிக் காட்டிப் பழக்கமில்லை. அதனால் மற்றவர்கள் எப்படித் திட்டம் போட்டிருக்கிறார்கள் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் கிடைத்த பயணப் பக்கங்கள், வீடியோக்கள் எல்லாவற்றையும் ஒரு வாரம் பார்த்தேன். அப்படிப் பார்த்ததில் எழுந்த எரிச்சல்தான் இந்தப் பதிவு. தனியாக எந்தப் பக்கத்தையும் பெயர் சொல்லித் திட்டப் போவதில்லை. திட்டவும் தேவையில்லை, ஏன்னா எல்லாமே ஒரே பக்கம்தான்.

ஒரே திட்டம், ஒரே பிழை

அந்த ஒரே பக்கத்தின் சுருக்கம் இது. அதிகாலையில் சென்னையில் கிளம்பு. பொன்னேரி வழியாகப் போ. ஏறக்குறைய 60 கிலோமீட்டர். டச்சுக் கல்லறையில் அரை மணி நேரம், வாசலில் இருக்கும் எலும்புக்கூடு சிற்பத்தோடு ஒரு போட்டோ. அப்புறம் படகில் முகத்துவாரம் வரை ஒரு சவாரி. வழியில் பூநாரைகள். திரும்பி வந்து மீன் வறுவல், நண்டு. சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டு வீடு. செல்வதற்கு ஏற்ற காலம்: அக்டோபர் முதல் மார்ச் வரை. ஜோடியாகப் போக அருமையான, அமைதியான, இன்னும் கெடாத இடம்.

மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு இது பழக்கமான காட்சி. ஒருத்தர் எழுதிய கோடை இன்னொருத்தர் காப்பி அடித்தால் பிழையும் சேர்ந்தே வரும். பத்து இடத்தில் ஒரே பிழை இருந்தால் பத்து பேரும் தனித்தனியாகத் தப்பு செய்தார்கள் என்று யாரும் நினைக்க மாட்டோம். யாரும் ஓட்டிப் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம்.

பயணத் திட்டத்தைப் போய் விமர்சிப்பதா என்று கேட்கலாம். அதுவும் ஒரு பிரதிதான். சொல்லப்போனால் பழவேற்காட்டைப் பற்றி எழுதப்பட்டதிலேயே அதிகம் பேர் படிப்பது அதைத்தான். நான் அதனிடம் கேட்க விரும்பும் கேள்வி ஒன்றுதான்: இது யாருடைய நேரத்தை வைத்துப் போடப்பட்ட திட்டம்? வருகிறவரின் விடுமுறை, வருகிறவரின் கடிகாரம், வருகிறவரின் பசி எல்லாம் அதில் இருக்கின்றன. ஏரிக்கும் ஒரு கடிகாரம் இருக்கிறது: மழை, ஓதம், வலை, பறவை. அது எங்கேயும் இல்லை. இந்தக் குறையை மன்னித்துவிட முடியாது என்பதற்கான காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

"அக்டோபர் முதல் மார்ச்" என்பது ஒரு காலமா?

நண்பரின் ஷீட்டில் தலைப்பே இலையுதிர்காலப் பயணம் என்றுதான் இருந்தது. ஐரோப்பாவுக்கு அது சரி. நம்மிடம் அந்தச் சொல் பாடப்புத்தக மொழிபெயர்ப்பில் வந்தது. தமிழ் மரபில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம். குளிர்ந்த காற்றும் விடாத மழையும். "ஐப்பசி அடைமழை" என்று பாட்டிகள் சொல்வதும் அதைத்தான்.

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாம் வாரத்தை ஒட்டித் தொடங்குகிறது. திருவள்ளூர், சென்னைப் பகுதிக்கு வருஷ மழையில் பாதிக்கு மேல் அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்று மாதத்தில் கொட்டிவிடும். புயல் வருவதும் அப்போதுதான். 2016 டிசம்பரில் வர்தா, 2023 டிசம்பரில் மிக்ஜாம். இரண்டும் இந்தக் கரையைக் கலைத்துப் போட்டுவிட்டுப் போனவை. ஆந்திரத்தில் பிச்சாட்டூர் அணை நிரம்பி உபரி நீர் திறந்தால் ஆரணியாற்றில் அத்தனையும் வந்து விழுவது பழவேற்காடு ஏரியின் தென்கோடியில். அந்த நாட்களில் முகத்துவாரத்தில் கடலை நோக்கி ஓடும் இழுப்பு வேறு மாதிரி இருக்கும்.

ஆக, "அக்டோபர் முதல் மார்ச்" என்று ஒரே மூச்சில் சொல்வது இரண்டு வேறு காலங்களை ஒன்றாகக் கட்டுவது. அக்டோபர் பின்பாதி முதல் டிசம்பர் நடுப்பகுதி வரை மழையும் வெள்ளமும். அதற்குப் பிறகுதான் தெளிந்த வானம், இறங்கும் தண்ணீர், பறவை. முதல் பாதியில் போகக்கூடாது என்று நான் சொல்லவில்லை. மழைக்கால ஏரி தனி அழகு. ஆனால் அது வேறு பயணம், வேறு ஷீட்.

இது நம்ம ஊர்ப் பிழை மட்டும் இல்லை. நண்பரின் ஷீட்டில் முதல் நாள் காலை "துரியா பூங்கா, நடை, 2 மணி நேரம்" என்று இருந்தது. நகரத்தின் நடுவே கிலோமீட்டர் கணக்கில் வளைந்து போகும் அந்தப் பூங்கா ஒரு காலத்தில் ஆறு. 1957 அக்டோபர் 14-ஆம் தேதி துரியா ஆறு பெருக்கெடுத்து நகரத்துக்குள் புகுந்து குறைந்தது 81 பேரைக் கொன்றது. பிறகு ஆற்றையே ஊருக்குத் தெற்கே திருப்பிவிட்டார்கள். காய்ந்து போன பழைய படுகைதான் இன்றைய பூங்கா. 2024 அக்டோபர் 29-இல் அதே வலென்சியா மாகாணத்தில் மறுபடி வெள்ளம். நகரத்தின் தெற்கே இருக்கும் ஊர்களில்தான் பெரிய அடி. 220 பேருக்கு மேல் இறந்தார்கள். மக்களின் கைபேசிக்கு எச்சரிக்கை வந்தபோது இரவு 8 மணி தாண்டியிருந்தது. அந்த மத்தியதரைக்கடல் கரைக்கும் வருஷத்தின் அபாயமான மழை இந்த மாதங்களில்தான். ஆனால் பயணப் பக்கங்களில் அக்டோபர் வலென்சியா என்றால் இதமான வெயில், கூட்டம் குறைவு, ஹோட்டல் விலை மலிவு. அவ்வளவுதான்.

நண்பருக்கு இதை எழுதி அனுப்பினேன். பயணத்தை நிறுத்தச் சொல்லவில்லை. ஷீட்டில் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன்: தினமும் காலையில் அந்த நாட்டு வானிலை எச்சரிக்கையைப் பார்ப்பது.

படகு

இனி முக்கியமான விஷயம். 2011 டிசம்பர் 25. கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் பழவேற்காடு வந்தவர்களை ஏற்றிப்போன படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை வந்தது அதன் பிறகுதான்.

இந்தத் தேதியைச் சொல்லும் பயணப் பக்கங்கள் மிகக் குறைவு. சொல்லாததோடு நிற்கவில்லை, "அங்கே போய் விசாரித்தால் படகு கிடைக்கும், பேரம் பேசுங்கள்" என்றும் அறிவுரை இருக்கிறது. எழுதுகிறவருக்கு அது ஒரு டிப்ஸ். படிக்கிற புதுமணத் தம்பதிக்கு என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

ஏரியின் சராசரி ஆழம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். "இடுப்பளவு தண்ணிதானே" என்ற தைரியம் அங்கிருந்து வருகிறது. ஆனால் முகத்துவாரம் ஏரி மாதிரி இல்லை. பெரிய ஏரியின் தண்ணீர் முழுக்க ஒரு குறுகிய வாயில் வழியாகக் கடலுக்குப் போய் வருகிறது. வற்றத்தில் வெளியே ஓடும் நீரும் உள்ளே வரும் கடல் அலையும் மோதும் இடத்தில் அலை செங்குத்தாக எழும். மணல் திட்டுகள் வருஷத்துக்கு வருஷம் நகரும். வலையும் மீனும் நாலைந்து பழகிய ஆட்களும் ஏறுவதற்கான ஃபைபர் படகில் நீச்சல் தெரியாத இருபது பேர் ஏறி, அலை வந்ததும் எல்லோரும் ஒரே பக்கம் எழுந்து நின்றால் என்ன ஆகும் என்பதற்கு இயற்பியல் படிக்க வேண்டியதில்லை.

இதில் மீனவர்களைக் குறை சொல்லிவிட்டுப் போவது சுலபம். நான் அதைச் செய்ய மாட்டேன். ஏரியில் பாடு குறைந்த நாளில் நூறு இருநூறு ரூபாய் வரும் வழியை யாரும் விடமாட்டார்கள். முறையான படகுத்துறை, உயிர்காப்பு உடை, ஆள் கணக்கு, ஓத நேரம் பார்த்து அனுமதி எல்லாம் வந்தால் அது கௌரவமான தொழிலாகலாம். அது இல்லாதபோது தடையும் இருந்து, திருட்டுத்தனமான சவாரியும் இருந்தால், ஆபத்து இரண்டு பக்கத்துக்கும்தான். பேரம் பேசச் சொல்லும் பக்கம் அந்தத் திருட்டுத்தனத்தின் தரகர். எங்கள் ஷீட்டில் படகு இல்லை என்று முதல் வரியிலேயே எழுதினேன்.

பூநாரை எங்கே?

"ஆயிரக்கணக்கான பூநாரைகளைப் பழவேற்காட்டில் காணலாம்." உண்மைதான், ஆனால் எந்தப் பழவேற்காட்டில்? ஏரியின் பெயரும் ஊரின் பெயரும் ஒன்று. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. அதன் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது, தென்கோடி மட்டும்தான் தமிழ்நாட்டில். ஊர் இருப்பது அந்தத் தென்கோடியில்.

பூநாரைக்குக் கால் பாவும் அளவுக்கு ஆழம் குறைந்த, பரந்த சேற்று நிலம் வேண்டும். தலையைக் கவிழ்த்து அலகால் நீரை வடிகட்டித் தின்னும் பறவை அது. அந்த நிலம் அதிகம் இருப்பது வடக்கே, சூலூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போகும் சாலையின் இரண்டு பக்கமும். கூழைக்கடாக்கள் கூடு கட்டுவதைப் பார்க்க வேண்டுமானால் அதற்கும் வடக்கே நேலப்பட்டு சரணாலயம். மழை வெள்ளத்தில் ஏரி நிரம்பி நிற்கும்போது ஆழமும் கூடிவிடும். மழை விட்டு நீர் இறங்கிய பிறகுதான் கூட்டம் பெருகும். சூலூர்ப்பேட்டையில் பூநாரைத் திருவிழாவை மழை ஓய்ந்த பிறகு வைப்பது சும்மா இல்லை.

ஆகவே ஐப்பசியில் பழவேற்காடு ஊருக்குப் போய், தடை செய்யப்பட்ட படகில் ஏறி, பூநாரையைத் தேடுவது என்பது தவறான மாதத்தில், தவறான மாநிலத்தில், தவறான வாகனத்தில் செய்யும் வேலை. இதில் இன்னொரு கொடுமை, "பறக்கும் ஷாட்" எடுப்பதற்காகக் கூட்டத்தை நோக்கிப் படகை விடச் சொல்வது. எழுந்து பறப்பது நமக்கு அழகு. மேய்ச்சலை விட்டு ஒவ்வொரு தடவையும் எழும்பும் பறவைக்கு அது செலவு.

டச்சுக்காரர்கள் மட்டுமா?

அடுத்தது வரலாறு. எல்லாப் பக்கங்களிலும் பழவேற்காட்டு வரலாறு டச்சுக்காரர்கள் வந்து இறங்கியதில் ஆரம்பித்து அவர்களின் கல்லறையில் முடிகிறது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1613-இல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டியது. 1690-இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரை சோழமண்டலக் கரையில் அவர்களின் தலைநகரமே இதுதான். 1825-இல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனது. இந்தத் தகவல் எல்லாம் சரி.

அவர்கள் ஏன் வந்தார்கள் என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை. ஏற்கெனவே இது பெரிய துறைமுகம் என்பதால் வந்தார்கள். விஜயநகர காலத்து ஆதிநாராயணப் பெருமாள் கோயில் இங்கே இருக்கிறது. சமயேஸ்வரர் கோயில் இருக்கிறது. போர்த்துக்கீசியர் காலத்தில், 1515-இல் தொடங்கியதாகச் சொல்லப்படும் மகிமை மாதா ஆலயம் இருக்கிறது. கடல் வணிகம் செய்த முஸ்லிம் குடும்பங்களின் பள்ளிவாசல்கள் இருக்கின்றன. இங்கிருந்து போன பருத்தித் துணி தென்கிழக்கு ஆசியாவில் எவ்வளவு புழங்கியது என்றால், மலாய் மொழியில் கட்டம் போட்ட கைலிக்கு இன்றும் "கைன் பெலிக்கட்" என்றுதான் பெயர். பெலிக்கட் என்பது புலிக்கட், அதாவது நம்ம பழவேற்காடு. கோட்டையைவிட அந்தக் கைலி பெரிய நினைவுச்சின்னம் என்பேன். கோட்டை இடிந்துவிட்டது. கைலியை இன்றும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

துணியோடு ஆட்களையும் ஏற்றினார்கள். பதினேழாம் நூற்றாண்டில் இந்தக் கரையிலிருந்து ஆயிரக்கணக்கானவர்களை டச்சுக் கம்பெனி அடிமைகளாக பட்டேவியாவுக்கு, இன்றைய ஜகார்த்தாவுக்கு, கொண்டுபோனது. பஞ்சம் வந்த வருஷங்களில் இந்த வியாபாரம் பெருகியது. பசியில் தன்னையும் பிள்ளையையும் விற்றவர்கள் அதில் உண்டு. கல்லறைத் தோட்டத்தில் இருக்கும் டச்சு அதிகாரிகளுக்கும் வணிகர்களுக்கும் செதுக்கிய கல்லில் பெயர், தேதி, குலச்சின்னம் எல்லாம் இருக்கின்றன. தொல்லியல் துறை பாதுகாக்கிறது, நல்லதுதான். கப்பலேறிப் போனவர்களுக்குக் கல் இல்லை. "ரொமான்டிக்கான டச்சுப் பாரம்பரியம்" என்று எழுதுகிற கை ஒரு நிமிஷமாவது அங்கே நிற்க வேண்டாமா?

பாடு

நான் பார்த்த பக்கங்களில் எதிலுமே இல்லாத, என் கணக்கில் பழவேற்காட்டில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் பாடு முறை.

ஏரியில் எல்லா இடமும் ஒரே மாதிரி மீன் தராது. முகத்துவாரத்தை ஒட்டி இறால் போய்வரும் சில இடங்கள்தான் வளமானவை. எல்லோரும் ஒரே நாளில் அங்கே வலை போட்டால் சண்டையும் வரும், ஏரியும் காலியாகும். அதனால் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் போன்ற மீனவக் கிராமங்கள் தங்களுக்குள் முறை வைத்துக்கொண்டன. எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடுவது என்று சுழற்சி. சீட்டுப் போட்டும் தீர்மானிப்பார்கள். கல்யாணமான ஆண் ஒவ்வொருவரும் ஒரு தலைக்கட்டு, அவருக்கு ஒரு பங்கு. இந்த முறைக்குப் பெயர் பாடு. அன்றைக்குக் கிடைத்த மீனையும் பாடு என்பார்கள். படும் துன்பத்தையும் நாம் பாடு என்கிறோம். மூன்றும் ஒரே சொல்லாக இருப்பது அங்கே போய் நின்றால் தற்செயல் என்று தோன்றாது.

இதைப் புனிதப்படுத்தவும் நான் தயாரில்லை. பாடு முறை ஒரு சமூகத்துக்குள்ளேதான் நியாயம். வெளியே இருக்கும் மற்ற சாதி மீனவர்களுக்கும், வலையில்லாமல் கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளர்களுக்கும் அந்த நல்ல இடங்களில் பங்கு இல்லை. அதனால் தகராறுகள் வந்திருக்கின்றன. பெண்கள் மீன் விற்பார்கள், கடன் வாங்குவார்கள், குடும்பத்தை ஓட்டுவார்கள். தலைக்கட்டு மட்டும் ஆணுக்கு.

இந்த இடத்தில் நண்பரின் ஷீட்டை மறுபடி திறந்தேன். நான்காம் நாள் மாலை: "அல்புஃபேரா ஏரி, படகு, சூரிய அஸ்தமனம்". வலென்சியாவுக்குத் தெற்கே, நகரத்திலிருந்து பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் கடலோரம் கிடக்கும் ஏரி அது. ஒரு மணல் திட்டுதான் கடலுக்கும் அதற்கும் நடுவே. கிட்டத்தட்ட நம்ம ஏரியின் சின்னத் தம்பி. அங்கே எல் பல்மார் என்ற மீனவக் கிராமம் இருக்கிறது. அந்த மீனவர் சங்கம் வருஷா வருஷம் ஜூலையில் சீட்டுக் குலுக்கி, "ரெடோலின்" எனப்படும் நல்ல மீன்பிடி இடங்களை உறுப்பினர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. அவர்களின் மீன்பிடி உரிமைக்குப் பதின்மூன்றாம் நூற்றாண்டு அரசன் ஜெய்மே காலம் வரை வேர் சொல்கிறார்கள். அங்கேயும் உரிமை அப்பாவிடமிருந்து மகனுக்குத்தான் போனது. 1990-களின் கடைசியில் அந்த ஊர்ப் பெண்கள் நீதிமன்றம் போய்ப் போராடித்தான் உள்ளே வந்தார்கள்.

ஒருத்தரை ஒருத்தர் பார்த்தே இராத இரண்டு ஏரிக்கரைகள். ஒரே கேள்வி: குறைவான நல்ல இடம், நிறைய கைகள், என்ன செய்வது? ஒரே மாதிரி விடை, விடைக்குள் ஒரே மாதிரி அநியாயமும். உலகத்தில் எவ்வளவு சுவாரசியமான விஷயம் இது! நண்பரின் ஷீட்டில் அல்புஃபேரா என்றால் சூரிய அஸ்தமனம். நம்ம பக்கங்களில் பழவேற்காடு என்றாலும் சூரிய அஸ்தமனம். சூரியன் எங்கே போனாலும் மறையத்தான் போகிறது. அதற்குப் போக 60 கிலோமீட்டரும் வேண்டாம், ஸ்பெயினும் வேண்டாம்.

"இன்னும் கெடாத இடம்" என்று எழுதுவதும் இந்தப் பார்வையின் தொடர்ச்சிதான். தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 6,111 ஏக்கருக்கு விரிவாக்கும் திட்டம் வந்ததிலிருந்து இந்தக் கிராமங்கள் எதிர்த்துக்கொண்டிருக்கின்றன. மணல் அரிப்பும், முகத்துவாரம் தூர்வதும், இறால் குறைவதும் அவர்களின் அன்றாடப் பேச்சு. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளில் பார்க்க வருகிறவர்களுக்குக் கொண்டாட்டம். அன்றைக்கு அந்தப் பகுதிக் கடலில் மீனவர்கள் இறங்கக்கூடாது. ஒரே நாள், இரண்டு கணக்கு. கெடாத இடம் என்று நாம் நம்பிக்கொண்டிருந்தால், கெடும்போது யாரும் நம்மிடம் சொல்லப்போவதில்லை.

எதிர்வாதம்

இதையெல்லாம் மனைவியிடம் சொன்னபோது அவள் கேட்டது: "ஒரு நாள் நிம்மதியா சுத்திப் பாக்கப் போறவங்க தலையில இவ்வளவு பாரத்தை ஏத்தணுமா?"

சரியான கேள்வி. அந்தப் பயணப் பக்கங்களுக்கும் ஒரு நன்றி பாக்கி இருக்கிறது. அவை இல்லாவிட்டால் பாதிப் பேருக்கு இப்படி ஓர் ஊர் இருப்பதே தெரிந்திருக்காது. வருகிறவர்கள் வாங்கும் மீனும், பெண்கள் பின்னும் பனையோலைக் கூடையும் அங்கே காசாகின்றன. எல்லோரும் வரலாறு படித்துவிட்டுத்தான் வர வேண்டும் என்று கேட் போட நான் யார்?

நான் கேட்பது பாரம் அல்ல. திட்டத்தில் மூன்று தகவல்: மழை எப்போது, படகு ஏன் கூடாது, அங்கே இருப்பவர்கள் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள். முதல் இரண்டும் உயிர் சம்பந்தப்பட்டவை. மூன்றாவது இல்லாவிட்டால் போனதற்குப் பலன் இல்லை. ஒரு பத்தியில் எழுதிவிடலாம். எழுதாமல் விட்டது இடம் போதாததால் இல்லை. எழுதியவர் போனபோது யாரிடமும் பேசவில்லை, அதுதான் காரணம்.

எங்கள் ஷீட்

கடைசியில் நாங்கள் போட்ட திட்டம் இது. யாருக்காவது உதவினால் சரி.

முதல் வரி: முந்தின நாள் மாலை வானிலை அறிவிப்பு. கனமழை எச்சரிக்கை இருந்தால் பயணம் கிடையாது, மறுவார்த்தை இல்லை. இரண்டாவது: படகு இல்லை. மூன்றாவது: காலையில் கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் பொன்னேரி, அங்கிருந்து பஸ். நான்காவது: முதலில் மீன் விற்கும் இடம். வெயில் ஏறினால் அது கலைந்துவிடும். கல்லறை நாலு நூற்றாண்டாகக் காத்திருக்கிறது, இன்னும் ரெண்டு மணி நேரம் காத்திருக்கும். ஐந்தாவது: கல்லறை, கோட்டை இருந்த மேடு, ஆதிநாராயணப் பெருமாள் கோயில், மாதா கோயில், எல்லாம் நடந்தே. ஆறாவது: மதியம் மடவை மீன் குழம்பு. ஏழாவது: பனையோலைக் கூடை. எட்டாவது: மூன்று மணிக்குத் திரும்புவது. ஐப்பசியில் சாயங்கால மழை சொல்லிக்கொண்டு வராது. பூநாரைக்குத் தனி ஷீட், தை மாதத்துக்கு, சூலூர்ப்பேட்டை வழியாக.

முதல் தேதியில் முதல் வரியே நிறுத்திவிட்டது, எச்சரிக்கை வந்தது. அடுத்த வாரம் போனோம். வானம் மூடியிருந்தது, மழை இல்லை. மீன் விற்கும் இடத்தில் என் மனைவி ஒரு அம்மாவிடம் இறால் விலை கேட்க ஆரம்பித்து, முக்கால் மணி நேரம் பேசிக்கொண்டிருந்தாள். தலைக்கட்டு பற்றி நான் இத்தனை வருஷத்தில் ஆண்களிடமே கேட்டுக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. புருஷன் இறந்துபோனால் அந்தப் பங்கு என்ன ஆகும் என்று அவள் கேட்டாள். எனக்கு அந்தக் கேள்வி வந்ததே இல்லை. அந்த அம்மா சொன்ன பதிலை இன்னும் இரண்டு மூன்று பேரிடம் கேட்டுச் சரிபார்த்த பிறகு தனிப் பதிவாக எழுதுகிறேன்.

சூரிய அஸ்தமனத்தைத் திரும்பும் ரயிலில் பார்த்தோம், மீஞ்சூர் தாண்டும்போது. நன்றாகத்தான் இருந்தது.